அறியப்பட்ட எண்ணிக்கை: ஒன்று

அரசிதழில் அறிவிப்பு வெளியான அன்று காலை பதினொன்றே காலுக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் வயிற்றில் விளக்குகள் எரியத் தொடங்கின. விலா முடியும் இடத்திலிருந்து இடுப்புவரை இரண்டு வரிசை, வரிசைக்குப் பதினொன்று, ஆக மொத்தம் இருபத்திரண்டு. நிறம் வெளிர்நீலம். சூடு இல்லை, வலி இல்லை, அரிப்பும் இல்லை. அந்த நேரத்தில் அவன் ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, ஐந்தாம் மாடிக்காரர் தவறவிட்ட பல்செட்டைத் தேடிக்கொண்டிருந்தான். டார்ச்சில் பேட்டரி தீரும் தறுவாயில் இருந்தது. சட்டைக்குள்ளிருந்து வெளிச்சம் வந்ததும் பல்செட் உடனே அகப்பட்டது. மேலே கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் அதைக் கழுவிப் போட்டுக்கொண்டு, சட்டை ஏன் மின்னுகிறது என்று கேட்டார். தெரியவில்லை என்றான். சரி என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதைப் புரிந்துகொள்ள மெக்கானிக்கின் அக்காவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் உயிரினப் பட்டியல் அலுவலகத்தில், ஆழ்கடல் சிறுமீன் பிரிவில் வேலை பார்த்தாள். பிரிவு என்றால் ஒரு மேசை, ஓர் இரும்பு பீரோ, அவள். ஒவ்வொரு மீனுக்கும் நான்கு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பி, அந்த இனம் நன்றாக இருக்கிறதா, குறைந்து வருகிறதா, அழியப் போகிறதா என்று எழுதிக் குழுவுக்கு அனுப்புவது அவள் வேலை. ஏழு பேர் கொண்ட அந்தக் குழு படித்துப் பார்த்து ஒரு நிலையை முடிவு செய்யும். அரசிதழில் அச்சானதும் அது சட்டம். பதினெட்டு வருடமாக அக்கா இதைச் செய்துவந்தாள். அவளுக்கென்று ஒரே ஒரு கொள்கை இருந்தது: இருப்பதை எழுதுவாள், இல்லாததை எழுதமாட்டாள். அதையும் துண்டு துண்டாக, ஒரு வார்த்தை கூடுதலாகச் செலவாகாமல் எழுதுவாள். அவள் விடுப்பு விண்ணப்பங்களில் காரணம் என்ற இடத்தில் "சோம்பல்" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறாள். இரண்டு முறையும் விடுப்பு கிடைத்தது.

அவளுக்குப் பிடித்த மீன் ஒன்று உண்டு. ஏழு சென்டிமீட்டர் நீளம், கண் பெரிது, வயிற்றில் சட்டைப் பொத்தான் தைத்ததுபோல் இரண்டு வரிசை வெளிச்சப் புள்ளிகள். பகலில் எண்ணூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கும், பொழுது சாய்ந்தால் மேலே ஏறி வரும், விடிவதற்குள் இறங்கிவிடும். பொத்தான் மீன் என்று அலுவலகத்தில் பெயர். பதினொரு வருடமாக அதைப் பற்றிக் கப்பல்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் எழுதி எழுதி விவரம் சேர்த்தாள். சிக்கல் என்னவென்றால் அந்த மீனுக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாக் கடலிலும் இருந்தது, எக்கச்சக்கமாக இருந்தது, யாரும் அதைத் தின்னவில்லை, யாரும் அதைத் தேடவில்லை. கஷ்டப்படும் மீனுக்குக் கூட்டம் போடுவார்கள், நிதி ஒதுக்குவார்கள், சுவரொட்டி அடிப்பார்கள். நன்றாக இருக்கும் மீனை எவனும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அக்காவுக்கு மனத்தாங்கல்.

மெக்கானிக் அவளுடைய தம்பி. வயது நாற்பத்து மூன்று. அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், அக்கா வீட்டுப் பின்னறையில் இருந்தான். நல்லவன், கூச்சக்காரன். யாராவது பேச்சுக் கொடுத்தால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கிவிடுவான். இதுவரை பதினான்கு இடத்தில் பெண் கேட்டாயிற்று, பதினான்கும் கைகூடவில்லை. தனக்குப் பிறகு இவனுக்கு யார் என்ற எண்ணம் அக்காவைப் போட்டு வாட்டியது. தனக்கென்று கல்யாணம் ஒன்று உண்டா என்று அவள் யோசித்ததாகத் தகவல் இல்லை. கடைசியில் ஒரு திருமணத் தகவல் நிலையத்துக்குப் போய்ப் படிவம் வாங்கி வந்தாள். அதுவும் நான்கு பக்கம். அலுவலகப் படிவமும் அதுவும் ஒரே அச்சகத்தில் அச்சானவை. அச்சகத்துக்காரர் உடம்பு வளையாதவர், கட்டங்களை மாற்றவே இல்லை. உயரம், வாழிடம், பழக்கவழக்கம், உறவினம், இணை, பொதுநிலை எல்லாம் அப்படியே இருந்தன. மேலே தலைப்பு மட்டும் வேறு, அதுவும் கிழித்து வைத்துக்கொள்ள வேண்டிய துண்டில்.

ஒரு வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் அக்கா இரண்டு படிவங்களையும் ஒரே பேனாவால் ஒரே மூச்சில் நிரப்பினாள். தலைப்புத் துண்டுகளைக் கிழித்து வைத்துக்கொண்டாள். உறைகளில் போட்டு ஒட்டினாள். தம்பியைக் குழுவுக்கும் மீனைத் திருமணத் தகவல் நிலையத்துக்கும் அனுப்பினாள். பதினெட்டு வருடத்தில் அவள் செய்த ஒரே தவறு அது. செய்ததுதான் செய்தாள், உருப்படியாகச் செய்தாள்.

குழு கூடி அந்தப் படிவத்தைப் படித்தது. அறியப்பட்ட எண்ணிக்கை: ஒன்று. வயது: நாற்பத்து மூன்று. வாழிடம்: ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழி, மேலே மெஷின் அறை, மூன்றாம் மாடிப் பின்னறை, வேறெங்கும் காண்பது அரிது. சுபாவம்: கூச்சம், ஆள் அரவம் கேட்டால் குழிக்குள். உணவு: அக்கா வைப்பது. இணை: இல்லை. முயற்சிகள்: பதினான்கு. வருங்காலம்: இப்படியே போனால் இந்த ஒன்றோடு சரி. வாசித்து முடித்தபோது மூன்று உறுப்பினர்கள் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். இது மீன்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பிரிவிலிருந்து மீனைத் தவிர வேறெதுவும் வந்ததில்லை, அக்கா பொய் எழுதியதும் இல்லை. அழிவின் விளிம்பில் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். மூன்று மாதத்தில் அரசிதழில் வந்தது. விளக்குகளும் வந்தன.

மறுநாளே கட்டட வாசலில் பலகை நட்டார்கள். நெட்டையாக ஒருவர், குட்டையாக ஒருவர் என இரண்டு காவலர்கள் வந்து மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மெக்கானிக்கைப் பிடிக்கவோ, கொண்டுபோகவோ, வீட்டில் வைத்து வளர்க்கவோ கூடாது. அரை மீட்டருக்குள் யாரும் நெருங்கக் கூடாது. மீறினால் ஏழு வருடம். அக்கா வைக்கும் சாப்பாடு மட்டும் இயற்கை உணவாக அங்கீகரிக்கப்பட்டது. முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலை ஒரு குச்சியில் கட்டிக்கொண்டு தள்ளி நின்று வெட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் சட்டப்படி சரியாக இருந்தது. மெக்கானிக் எங்கே உட்கார்ந்தாலும் குட்டைக் காவலர் அவனைச் சுற்றி ஒரு சாக்பீஸ் வட்டம் போட்டுவிடுவார். அவனுக்கு முதலில் இது ஒன்றும் பெரிய சிரமமாகத் தெரியவில்லை. நாற்பத்து மூன்று வருடமாக மனிதர்கள் அவனிடமிருந்து ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருந்தார்கள்.

அக்காதான் பதறிப்போனாள். அரசிதழும் கையுமாகக் குழுத் தலைவரிடம் ஓடினாள். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு விதிப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ஒருமுறை அறிவித்த நிலையைப் பத்து வருடத்துக்கு மாற்ற முடியாது. அதே இனத்தில் இன்னொன்று கண்டுபிடிக்கப்பட்டால் மட்டும் இடையில் மறுபரிசீலனை, அதுவும் ஒரே தடவை. வலைக்கப்பல் கம்பெனிக்காரர்கள் வாரத்துக்கொரு முறை வந்து இந்த மீனை மாற்று, அந்த மீனை மாற்று என்று நச்சரித்த காலத்தில், அவர்கள் வாயை அடைக்க அந்த விதியை எழுதிக் கொடுத்தவளே அக்காதான்.

தலைவர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். "நீங்க அவர் கூடப்பிறந்தவங்கதானே மேடம். உங்களையும் சேர்த்தா ரெண்டு ஆயிடுமே."

"படிவம் நிரப்பறவங்களை எண்ணிக்கையில சேர்க்கறதில்லை சார்," என்றாள் அக்கா. தவிர, தனக்கு விளக்கு எதுவும் இல்லை என்றும் சொன்னாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

இதற்கிடையில் திருமணத் தகவல் நிலையத்தில் மீனுக்கு வரன்கள் குவிந்தன. இருபது வருடமாகத் தொழிலில் இருந்த தரகர் அப்படியொரு படிவத்தைப் பார்த்ததே இல்லை என்றார். உறவினம்: எல்லாக் கடலிலும், எண்ண முடியாது. பழக்கவழக்கம்: காலையில் இறங்குதல், மாலையில் ஏறுதல், நேரம் தவறியதாகப் பதிவில்லை. வெளிச்சம்: சொந்தமாக. தொந்தரவு: யாருக்கும் இல்லை. பொதுநிலை: கவலை வேண்டியதில்லை. உயரம் மட்டும் ஏழு சென்டிமீட்டர் என்று இருந்தது. நூற்று அறுபத்தேழில் முதல் இரண்டு எண் விட்டுப்போயிருக்கும் என்று தரகர் தானாக முடிவு செய்துகொண்டார். குடும்பம் கப்பல் தொழிலில் இருக்க வேண்டும் என்றும் ஊகித்தார். நூற்று நாற்பத்தாறு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். அக்கா தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னபோது தரகர், நாள் குறித்து எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, இனி மாப்பிள்ளை வராவிட்டால் தன் பெயர் கெட்டுவிடும் என்று மட்டும் சொன்னார்.

குறித்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை வந்திருந்தது. நிலையத்தின் இருபது லிட்டர் குடிநீர்க் கேனில் பதினேழு பொத்தான் மீன்கள் வரிசையாக நின்றன. ஆழ்கடல் மீன் இவ்வளவு மேலே வந்தால் பிழைக்காது என்று புத்தகங்கள் சொல்கின்றன. மீன்கள் அந்தப் புத்தகங்களைப் படித்ததில்லை. எப்படி வந்தன என்று தரகரும் கேட்கவில்லை. அவர் தொழிலில் மாப்பிள்ளை வீட்டார் சொன்ன நேரத்துக்கு வருவதே பெரிய விஷயம். ஆனால் வந்த பெண்கள் கேனைப் பார்த்தார்கள், தரகரைப் பார்த்தார்கள், கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு பெண் மட்டும் போகும்போது, உயரம் பரவாயில்லை, ஆனால் கூட்டுக் குடும்பம் ஒத்துவராது என்று காரணம் சொல்லிவிட்டுப் போனாள்.

மிஞ்சியவள் ஒருத்தி. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள், வயது நாற்பது. அவள் கேனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கைப்பையிலிருந்த சின்ன டார்ச்சால் ஒவ்வொரு மீனின் கண்ணையும் பார்த்தாள். பிறகு படிவத்தைக் கேட்டு வாங்கி இன்னொரு தடவை படித்தாள். "இதுல ஒரு பொய்கூட இல்லையே," என்றாள் தரகரிடம். "இதை எழுதினவங்களை நான் பார்க்கணும்."

அவளுக்குப் பொய் அலுத்துப்போயிருந்தது. கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள், கண்ணாடி போடச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் அட்டையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். அட்டையைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் அதையே கடகடவென்று ஒப்பிப்பார்கள். பதினாறு வருடமாக இருட்டறையில் நின்று இதைக் கேட்டுக் கேட்டு, மனிதர்கள்மீது அவளுக்கு ஒருவிதச் சலிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களும் அப்படித்தான் ஒப்பித்தார்கள்.

முகவரி வாங்கிக்கொண்டு அன்று மதியமே ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு வந்தாள். லிஃப்டில் ஏறினாள். உள்ளே பல்பு எரியவில்லை. கூரையின் காற்றுத் துளைகள் வழியாக வெளிர்நீல வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டாள். லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக், இறங்கி ஓட இடமில்லாததால், இருக்கிறேன் என்றான். பிடித்தோ பிடிக்காமலோ மூன்றாம் மாடிவரை பேச வேண்டியதாயிற்று. அவள் தன் தொழிலைச் சொன்னாள். அவன், தனக்குக் கொஞ்ச நாளாகத் தூரத்து எழுத்து மங்குகிறது, கடைசி வரியெல்லாம் தெரியவே தெரியாது என்றான். கேட்பதற்கு முன்பே அதை ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவன்தான். அவள் மூன்றாம் மாடியில் இறங்கவில்லை. இரண்டு பேரும் ஒன்பதுவரை போய்த் திரும்பினார்கள். பிறகு மறுபடியும் போனார்கள். நான்காவது மாடியில் லிஃப்டுக்காகக் காத்திருந்த ஒரு குடும்பம் அன்று படியேறியே போனது.

அக்கா அவளுக்கு ஆராய்ச்சியாளர் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தாள். இப்போது அவள் வாரத்துக்கு மூன்று நாள் மெஷின் அறைக்கு வரலாம், அவனைப் பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம், தொடக் கூடாது. சாக்பீஸ் வட்டத்துக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நீளக் குச்சியின் முனையில் லென்ஸைச் செருகி நீட்டி, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பாள். பார்வைக் குறைபாடு ஒரே நாளில் தெரிந்துவிட்டது. பரிசோதனை பதினொரு மாதம் நடந்தது. நெட்டைக் காவலர் முதல் மாதமே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரப் பழகிவிட்டார். மெக்கானிக் அதற்குள் குழிக்குள் இறங்குவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டான். அரை மீட்டர் என்பது எவ்வளவு தூரம் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் அக்காவிடம், "இன்னும் ஒன்பது வருஷம் இப்படியேதானாக்கா?" என்று கேட்டான். அவள் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

யோசனை கண்ணாடிக்காரியுடையதுதான். தன்னையே இரண்டாவது மாதிரியாகப் பதிவு செய்யச் சொல்லி மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தாள். அந்த ஒரே தடவை வாய்ப்பு இதோடு தீர்ந்துவிடும் என்று அக்கா எச்சரித்தாள். அவள் கேட்கவில்லை.

குழுவின் ஏழு பேரும் ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். பதற்றத்தில் மெக்கானிக் அன்று காலை லிஃப்டைப் பிரித்துப் போட்டிருந்ததால் ஒன்பது மாடியும் நடந்தே ஏறினார்கள். மேலே வந்து சேர்ந்தபோது நல்ல மனநிலையில் இல்லை. மெஷின் அறையின் ஜன்னலில் அக்காவின் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். வட்டத்துக்குள் மெக்கானிக், இருபத்திரண்டு விளக்கோடு. வட்டத்துக்கு வெளியே கண்ணாடிக்காரி. அவளிடம் விளக்கு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் இருட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. கால் மணி போயிற்று. தலைவர் அக்காவின் காதருகே குனிந்து, விளக்கு உண்டு என்று ஒரு வரி எழுதுங்கள், நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறோம், ஒருவரும் கேட்கப் போவதில்லை என்றார்.

அக்காவின் கையில் பேனா இருந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு எளிதாக எழுதியிருக்கக்கூடிய வரி வேறில்லை. "இருக்கறத எழுதறேன் சார். இல்லாதத எழுத எனக்குக் கை வராது."

"எழுத வேண்டாம்க்கா," என்றாள் கண்ணாடிக்காரி இருட்டிலிருந்து. "பொய்யா எழுதி வர்றதுன்னா எனக்கும் வேண்டாம்."

அப்போது மெக்கானிக் ஒரு காரியம் செய்தான். வட்டத்துக்குள் கிடந்த எழுத்து அட்டையை எடுத்துத் தன் வயிற்று வெளிச்சத்தில் பிடித்தான். "இத்தனை நாள் நீங்கதான் கேட்டீங்க. உங்க கண்ணை யாராவது பார்த்திருக்காங்களா?" என்றான். யாரும் பார்த்ததில்லை. கண் பரிசோதிப்பவளின் கண்ணைப் பரிசோதிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. படியுங்கள் என்றான். அவள் மேலேயிருந்து படித்தாள். பெரிய எழுத்து, அதற்கடுத்த வரி, அதற்கடுத்தது என்று இறங்கிக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றாள். பதினாறு வருடம் தினமும் கேட்ட வரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஏழு உறுப்பினர்களும் இரண்டு காவலர்களும் காத்திருந்தார்கள்.

"தெரியல," என்றாள். "கடைசி வரி எனக்குத் தெரியல. ரெண்டு வருஷமாவே தெரியல."

அவளுடைய இடது தோள் எலும்புக்குக் கீழே, புடவைக்குள், ஒரு பொத்தான் அளவுக்கு வெளிர்நீலமாக ஒன்று எரிந்தது. அக்கா கிட்டே போனாள். எதிரொளிப்பா என்று தம்பியைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பார்த்தாள். கையால் மூடிப் பார்த்தாள், விரலால் தேய்த்துப் பார்த்தாள். அது எரிந்துகொண்டே இருந்தது. அதன் பிறகுதான் எழுதினாள். விளக்கு: ஒன்று. அறியப்பட்ட எண்ணிக்கை: இரண்டு. எழுத்து கோணலாக வந்தது. யாரும் சொல்லாமலே நெட்டைக் காவலர் முன்னால் வந்து சாக்பீஸ் கோட்டைச் செருப்பால் தேய்த்து அழித்தார். மெக்கானிக் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மீதி இருபத்தொரு விளக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிட்டன.

இரண்டே இரண்டு இருக்கும் இனத்தைப் பிரித்து வைப்பதும் சட்டப்படி குற்றம். அதனால் தனியாகத் திருமணப் பதிவு தேவைப்படவில்லை. அரசிதழின் திருத்த அறிவிப்பையே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். எல்லோரையும் அரை மீட்டருக்கு அப்பால் வைக்க நியமிக்கப்பட்ட காவலர்களுக்கு, இருவரும் அதிக தூரம் பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தது. சண்டை போட்டுக்கொண்டு அவள் தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பினால், நெட்டைக் காவலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போய், திரும்பி வரும்வரை அங்கே இருந்துவிட்டு, நோட்டில் "பருவகால இடப்பெயர்ச்சி" என்று எழுதுவார். வருடத்துக்கு இரண்டு முறை எழுதினார். முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது, மூன்று வருடம் கழித்து இன்னொரு பெண். வார்டில் விளக்கை அணைத்தும் பிரயோஜனமில்லை என்று நர்ஸ்கள் புகார் சொன்னார்கள். ஒளிந்து விளையாடும்போது இரண்டு குழந்தைகளும் எப்போதும் தோற்றார்கள். கட்டடத்துக்காரர்கள் மின்வெட்டு நேரத்தில் மாடிப்படிக்கு ஒரு குழந்தையைக் கடன் கேட்டு வாங்கிப்போய், இறங்கியதும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இதுபற்றி வேறு பேச்சு எதுவும் எழவில்லை.

குடிநீர்க் கேனிலிருந்த மீன்களும் போகவில்லை. காலையில் அடியில், மாலையில் மேலே என்று நேரம் தவறாமல் இருந்தன. தரகர் கேனை ஜன்னலோரம் வைத்தார், வியாபாரம் சூடுபிடித்தது. வருடா வருடம் படிவத்தைப் புதுப்பித்தார், வரன் மட்டும் அமையவில்லை. பத்தாவது வருடம், தங்களால் இயன்றதைச் செய்துவிட்டோம் என்று வருத்தக் கடிதத்தோடு படிவத்தை அக்காவுக்கே திருப்பி அனுப்பினார். அது வந்து சேர்ந்தது அக்காவின் கடைசி வேலைநாள் அன்று. அவள் அதைப் பிரித்துப் பார்த்தாள். மடிப்பில் லேசாகக் கிழிந்திருந்தது. மற்றபடி ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பத்து வருடம் தாமதமாகப் பொத்தான் மீன் குழுவுக்குப் போயிற்று. எண்ணிக்கை எக்கச்சக்கம், பொதுநிலை கவலை வேண்டியதில்லை என்று குழு ஐந்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டு டீ குடிக்கப் போனது. யாரும் கைக்குட்டையை எடுக்கவில்லை. அந்த மீனைப் பொறுத்தவரை அதைவிட நல்ல செய்தி கிடையாது என்பது அக்காவுக்குத்தான் தெரியும்.

அடுத்து தம்பியின் கோப்பு. பத்து வருடம் முடிந்திருந்ததால் மறுமதிப்பீடும் அன்றே. வாழிடம் என்ற கட்டத்தில் மூன்றாம் மாடி முழுவதும் என்று விரிவாக்கினாள். பின்னறை போதாமல் முன்னறையையும் குழந்தைகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கட்டில் கூடத்துக்கு வந்து, அதிலும் சின்னவள் பாதி இடத்தைப் பிடித்திருந்தாள். அன்று காலை அந்தச் சின்னவள்தான், நம் வீட்டில் எத்தனை பேர் என்று எழுதப் போகிறாய் என்று கேட்டிருந்தாள். நான்கு என்றாள் அக்கா. "அப்போ நீ எங்க வீட்டுல இல்லையா அத்தே?" என்று கேட்டுவிட்டுச் சின்னவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். படிவம் நிரப்புகிறவர்களைச் சேர்ப்பதில்லை என்று விளக்க நேரம் இருக்கவில்லை.

அறியப்பட்ட எண்ணிக்கை என்ற இடத்தில் அக்கா 4 என்று எழுதினாள். எழுதும்போது பேனாவின் நிழல் எப்போதும் விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக விழுந்ததைக் கவனித்தாள். ஜன்னலைப் பார்த்தாள், மேலே விளக்கைப் பார்த்தாள். பிறகு சட்டையின் வலது கை விளிம்பை விரலால் மேலே தள்ளினாள். மணிக்கட்டின் உட்புறத்தில், நாடி பார்க்கும் இடத்தில், வெளிர்நீலமாக ஒன்று எரிந்துகொண்டிருந்தது. மூடிப் பார்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். பக்கத்துப் பிரிவிலிருந்து பூதக்கண்ணாடி வாங்கிவந்து பார்த்தாள். மதிப்பீடு செய்கிறவர் அதே இனத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. பணி ஓய்வுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. யோசித்தாள். இருப்பதை எழுதாமல் விட்டுப் பழக்கமில்லை.

நான்கை ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் 5 என்று எழுதி, திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் வைத்தாள். கோப்பைத் தலைவர் மேசையில் கொடுத்துவிட்டு, பீரோவைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். லிஃப்டில் பல்பு இன்னும் மாற்றப்படவில்லை. அந்தக் கட்டடத்தில் அதற்கு அவசியம் ஏற்படவில்லை. ஏறி நின்று, கையை நீட்டி, அந்த வெளிச்சத்தில் மூன்றாம் நம்பர் பொத்தானைத் தேடி அழுத்தினாள்.